மூளையின் காவலரும் அவர்தம் செவியும்

நினைவாற்றலைப் பெருஞ்செல்வமாகப் போற்றும் சமுதாயம் நம்முடையது. திருமறையின் முப்பது ஜுஸ்உகளையும் நெஞ்சில் தாங்கிய ஹாஃபிழ் ஒருவர் அவைக்குள் வந்தால், வயதில் மூத்தோரும் எழுந்து இடங்கொடுப்பர். ரமலான் இரவுகளில் அவர் பின்னே அணிவகுத்து நிற்பதை நாம் பேறாகக் கருதுகிறோம். நபிமொழிகள் ஏட்டில் ஏறுமுன் எத்தனையோ நெஞ்சங்களில் காக்கப்பட்டு வந்தன என்பதையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆதலால்தானோ என்னவோ, நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் நினைவிழக்கத் தொடங்கும்போது, வேறெந்த நோய்க்கும் இல்லாத ஒரு நாணமும் அச்சமும் நம் குடும்பங்களைப் பற்றிக்கொள்கின்றன.

நெஞ்சுவலி வந்தால் ஊருக்கே சொல்கிறோம். சர்க்கரை நோயைப் பற்றித் திருமண வீட்டுப் பந்தியில் அமர்ந்தே பேசுகிறோம். நினைவு மங்கினால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கிறோம். "வயதாகிவிட்டது, வேறொன்றுமில்லை" என்பார் ஒருவர். "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் மற்றொருவர். ஜின்னின் தீண்டல் என்று கருதி ஓதிப்பார்க்க ஆள் தேடுவார் வேறொருவர். "எல்லாம் நடிப்பு; வேண்டும்போது மட்டும் நினைவு வருகிறதே!" என்று முணுமுணுப்பாரும் உண்டு. இந்நான்கு பேச்சுகளுக்கும் அப்பால், மூளைக்குள் மெய்யாகவே நிகழ்வது யாது என்பதைக் கடந்த கால் நூற்றாண்டில் அறிஞருலகம் பெரிதும் துலக்கியிருக்கிறது. அதில் ஒரு பகுதியை, மூளையைக் காக்கும் உயிரணுக்களையும் அவற்றுக்குச் செவிபோல் அமைந்த ஓர் ஏற்பியையும் பற்றிய பகுதியை, வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நாம் மருத்துவர் அல்லோம். இப்பொருளை நாடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் நம் பெரியம்மா. ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர். ஊர்ப்பெண்கள் பலருக்குத் திருமறை ஓதக் கற்றுக்கொடுத்தவர். எழுபதைக் கடந்தபின் ஒருநாள் அஸர் தொழுது எழுந்தவர், சற்று நேரத்துக்கெல்லாம் மீண்டும் ஒளுச் செய்துகொண்டு அஸருக்கே நின்றார். அன்று யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பிறகு அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார். பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றி அழைத்தார். இவையெல்லாம் பொறுக்கத்தக்கனவாகவே இருந்தன.

பொறுக்க முடியாத ஒன்றும் வந்தது. தம் தங்கக் காப்பை மருமகள் திருடிக்கொண்டாள் என்று வந்தவரிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். காப்போ அவருடைய தலையணை உறைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் காட்டினால், "இப்போது கொண்டுவந்து வைத்துவிட்டாளே, கள்ளி!" என்றார். இருபது ஆண்டுகள் அவருக்குச் சமைத்துப் போட்ட அந்தப் பெண், ஒருநாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்வீடு சென்றுவிட்டாள். பெற்ற உம்மாவுக்கும் கட்டிய மனைவிக்கும் நடுவே நின்று மகன் வாய்பேச மாட்டாமல் தவித்தார். "இத்தனை நாளும் உள்ளத்தில் இருந்த வெறுப்புத்தான் இப்போது வெளியே வருகிறது" என்று உறவினர் தீர்ப்புக் கூறினர்.

அந்தத் தீர்ப்பு நம் நெஞ்சை அறுத்தது. ஒருவருடைய அறுபதாண்டு நற்குணத்தைக் கடைசி இரண்டாண்டுப் பேச்சு பொய்யாக்கிவிடுமா? அவர் வாயிலிருந்து வந்தது அவர் உள்ளமா, அவர் நோயா? இவ்வினாவே நம்மை மருத்துவரிடமும் நூல்களிடமும் அழைத்துச் சென்றது.

மருத்துவர் நமக்கு முதலில் சொன்னது ஒரு பழைய வரலாறு. 1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அகுஸ்தே டெட்டர் என்னும் 51 வயதுப் பெண் கொண்டுவரப்பட்டார். அவரைப் பார்த்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். அப்பெண்ணிடம் முதன்முதல் தோன்றிய குறி என்ன தெரியுமா? கணவர்மீது எழுந்த காரணமற்ற ஐயம்! அதன் பின்னரே நினைவு குலைந்தது. வீட்டுப் பொருள்களை அங்குமிங்கும் இழுத்துச்சென்று ஒளித்துவைத்தார். தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அலறினார். 1906இல் அவர் இறந்தபின், அவருடைய மூளையை அல்சைமர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகளும், அவற்றுக்கு உள்ளே முறுக்கிய நூற்சிக்கல்களும் தென்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர்முன் இதை எடுத்துரைத்தபோது அவையில் எவரும் அதை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. 1910இல் எமில் கிரெப்லின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

பொருளை ஒளித்துவைத்தலும், அன்புடையார்மீது ஐயங்கொள்ளுதலும் இந்நோயின் குறிகள் என்று மருத்துவர் கூறியதைப் பெரியம்மாவின் மருமகளும் கேட்டாள். நூறாண்டுக்கு முன்னர், கடல்கடந்த ஊரில், மொழியும் மார்க்கமும் வேறான ஒரு பெண்ணும் இதையேதான் செய்தாள் என்று அறிந்தபோது அவள் கண்கலங்கினாள். "அப்படியானால் மாமி என்னைச் சொல்லவில்லை" என்றாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடு திரும்பினாள். பெரியம்மாவின் மவுத்து வரையில் அவளே அவருக்குத் தலைவாரினாள்.

நிற்க. அல்சைமர் கண்ட படிவுகள் அமிலாய்ட் என்னும் புரதத்தால் ஆனவை. நூற்சிக்கல்கள் டௌ என்னும் மற்றொரு புரதத்தால் ஆனவை. இவ்விரண்டையும் பற்றி உலகம் நிறையப் பேசியது. ஆனால் அல்சைமர் மூன்றாவதாக ஒன்றையும் கண்டு குறித்திருந்தார். நரம்பணுக்களுக்கு இடையே உள்ள துணையணுக்கள் கொழுப்புத் துளிகளை விழுங்கியவையாய்ப் பருத்துக் கிடந்தன. இந்த மூன்றாவது குறிப்பைப் பல்லாண்டுக் காலம் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. நம் கட்டுரைப் பொருள் பிறப்பது இங்கேதான்.

மூளையின் துணையணுக்களுள் ஒருவகையைத் தனியே பிரித்தறிந்து, மைக்ரோக்ளியா என்று 1919இல் பெயரிட்டவர் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பீயோ டெல் ரீயோ ஒர்த்தேகா. வெள்ளி உப்பினால் திசுக்களுக்குச் சாயமேற்றும் புதிய முறையை வகுத்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாதிருந்த இந்நுண்ணிய அணுக்களை அவர் வெளிக்கொணர்ந்தார். இவை இடம்பெயரும், வடிவம் மாறும், சிதைந்த பொருளை விழுங்கும் என்று அவர் அன்றே எழுதினார். உள்நாட்டுப் போரால் தாய்நாட்டைவிட்டு வெளியேறிய அவ்வறிஞர், 1945இல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் காலமானார்.

இக்காவலணுக்கள் மூளையிலேயே பிறந்தவையல்ல. கரு உருவாகும் தொடக்க நாள்களில், அதனை ஒட்டிய மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளை உருப்பெறும் பொழுதே அதனுள் வந்து குடியேறியவை என்பது 2010இல் எலிகளில் நடந்த ஆய்வால் உறுதிப்பட்டது. வெளியிலிருந்து வந்தவை எனினும், மூளையின் வளர்ச்சியோடு தாமும் வளர்ந்து, அம்மண்ணுக்கே உரியவையாகி, ஆயுள் முழுவதும் அதனைக் காக்கின்றன. மூளையின் உயிரணுக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இவையே.

நோயில்லாத மூளையில் இவை உறங்கிக் கிடக்கின்றன என்றே அறிஞர் நெடுங்காலம் நம்பினர். 2005இல் உயிருள்ள எலியின் மூளையை நேரடியாகக் காணும் நுண்ணோக்கிகள் அந்நம்பிக்கையைப் போக்கின. மைக்ரோக்ளியாவின் உடல் ஓரிடத்தில் நின்றாலும், அதன் மெல்லிய கிளைக்கரங்கள் ஓயாது நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்தவண்ணம் இருக்கின்றன. சில மணி நேரத்துக்கொருமுறை மூளை முழுவதும் இவ்வாறு சோதிக்கப்பட்டு விடுகிறது. ஊர் உறங்கும் வேளையில் தெருத்தெருவாகச் சென்று ஒவ்வொரு கதவையும் தொட்டுப் பார்க்கும் பாராக்காரரை இதற்கு ஒப்பிடலாம். எங்கேனும் ஒரு நுண்குழாய் சிதைந்தால், சில நிமிடங்களில் அக்கரங்கள் அவ்விடத்தைச் சூழ்ந்துகொள்கின்றன. படைத்தவனின் ஏற்பாட்டை என்னென்பது!

காவலர் இருந்தால் மட்டும் போதுமா? "திருடன்" என்ற கூக்குரல் அவர் செவியில் விழவேண்டுமன்றோ? மைக்ரோக்ளியாவின் மேற்பரப்பில் அத்தகைய செவிகள் பல உள்ளன. அறிவியலார் அவற்றை ஏற்பிகள் என்பர். அவற்றுள் இன்று மிகுதியும் ஆராயப்படுவது ட்ரெம்-2 என்னும் ஏற்பி. 230 அமினோ அமிலங்களைக் கோத்து அமைந்த சிறு புரதம் அது. அதற்குரிய மரபணு நம் ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது.

இச்செவி கேட்பது எதை? நரம்பணு ஒன்று சாகும்போது அதன் சவ்விலிருந்து வெளிப்படும் கொழுப்புப் பொருள்களை; நரம்பிழைகளைப் போர்த்திய உறை சிதையும்போது உதிரும் கொழுப்புகளை; அக்கொழுப்புகளைச் சுமந்து செல்லும் ஏப்போ-ஈ என்னும் புரதத்தை; அமிலாய்ட் துணுக்குகளை. சுருங்கச் சொன்னால், மூளையில் எங்கோ அழிவு நேர்கிறது என்று அறிவிக்கும் அடையாளங்களை அது பற்றிக்கொள்கிறது.

கேட்ட செய்தி உள்ளே சென்று சேரும் முறை வியப்புக்குரியது. ட்ரெம்-2இன் பெரும்பகுதி அணுவுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே நீளும் அதன் வால் மிகக் குட்டையானது. தானாகச் செய்தி சொல்ல வல்லதன்று. ஆகவே டாப்-12 என்னும் துணைப் புரதம் ஒன்று அதனோடு இணைந்து நிற்கிறது. வெளியே செவி எதையேனும் பற்றியதும், உள்ளேயுள்ள துணைவன்மேல் பாஸ்பேட் என்னும் முத்திரை விழுகிறது. முத்திரையைக் கண்டு சிக் என்னும் நொதி வந்து ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் ஒன்றையொன்று எழுப்பும் தொடர்வினைகள் நிகழ்ந்து, கட்டளை அணு முழுவதும் பரவுகிறது: நகர்க, பெருகுக, விழுங்குக, விழுங்கியதைச் செரித்திடுக! செவி ஒருவர், நா மற்றொருவர் என இருவர் இணைந்து செய்யும் காவல் இது. இருவரில் ஒருவர் இல்லையெனினும் காவல் பழுதாகிவிடும்.

அவ்வாறு பழுதான குடும்பங்கள் உலகில் இருந்தன. 1970களின் தொடக்கத்தில் பின்லாந்தில் ஹக்கோலா என்பவரும், ஜப்பானில் நாசு என்பவரும், ஒருவரையொருவர் சாராது, விந்தையான ஒரு நோயை விவரித்தனர். இருபது வயதைக் கடந்தவுடன் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் வலி தோன்றும். எலும்புக்குள் பள்ளங்கள் விழுந்து, சிறிய இடறலுக்கே முறியும். முப்பதைக் கடந்ததும் குணம் மாறும், அடக்கம் குலையும், நினைவு சரியும். ஐம்பதுக்கு முன்பின்னாக உயிர் பிரியும். எலும்புக்கும் மூளைக்கும் என்ன உறவு என்று முப்பதாண்டுக் காலம் மருத்துவர் திகைத்தனர். 2000இல் லீனா பெல்டோனன் தலைமையில் பின்லாந்து ஆய்வாளர் விடை கண்டனர். அந்நோயாளிகளிடம் டாப்-12 பழுதுபட்டிருந்தது. வேறு சில குடும்பங்களில் பழுது ட்ரெம்-2இல் இருந்தது என்று 2002இல் கண்டறிந்தனர். பழைய எலும்பைக் கரைத்துப் புதுப்பிக்க வழிசெய்யும் அணுக்களும் மைக்ரோக்ளியாவின் உறவினரே. அவற்றுக்கும் இதே செவி, இதே நா! ஆகவே ஒரு பழுது ஈரிடத்திலும் வெளிப்பட்டது.

இந்நோய் மிக மிக அரிது. எனினும் இதில் நம் குடும்பங்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக, பழுதுபட்ட படிகள் இரண்டும் சேர்ந்தால்தான் இது பிறக்கும். ஒரு படி மட்டும் உடையவருக்கு இந்நோய் வருவதில்லை. ஆகவே பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவர் என்ற அளவில் ஆபத்து காத்திருக்கும். நெருங்கிய உறவில் மணப்போருக்கு ஒரே முன்னோரின் பழுதுபட்ட படி இருபக்கமும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுதல். மாமன் மகளையும் சாச்சா மகளையும் மணப்பது மார்க்கத்தில் ஆகுமானது, கடமையாக்கப்பட்டதன்று. இளவயதிலேயே ஒரே வகையான நரம்பு நோயோ எலும்பு நோயோ பலருக்கு வந்துள்ள குடும்பம் என்றால், நிக்காஹ் பேசுமுன் மரபியல் மருத்துவர் ஒருவரைக் கலந்துகொள்வது அறிவுடைமை. அதில் நாணுவதற்கு ஏதுமில்லை.

இனி, முதுமையில் வரும் பெருவாரியான அல்சைமர் நோய்க்கு வருவோம். இதே ட்ரெம்-2 அங்கும் தலைகாட்டியது. 2013இல் ஐஸ்லாந்து நாட்டவரை ஆராய்ந்த குழுவொன்றும், பிரிட்டன் முதலிய நாடுகளின் நோயாளிகளை ஆராய்ந்த மற்றொரு குழுவும், ஒரே முடிவை ஒரே வேளையில் வெளியிட்டன. இப்புரதத்தின் 47ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்துக்கு மாறாக ஹிஸ்டிடின் அமர்ந்திருப்போருக்கு, அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி. 230 மணிகள் கோத்த தஸ்பீஹில் ஒரு மணி மாறியது போன்ற சிறு மாற்றம், செவி மந்தமாகிவிட்டது!

இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஐரோப்பிய வழியினரிலேயே நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகத்தான் இம்மாற்றம் காணப்படுகிறது. இம்மாற்றம் உடையவர் நோயின்றி வாழ்வதும் உண்டு. இல்லாதவருக்கு நோய் வருவதும் உண்டு. இக்கண்டுபிடிப்பின் மதிப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. மூளையின் காவலணுக்கள் இந்நோயில் வெறும் பார்வையாளராக நிற்கவில்லை, நோயின் போக்கையே திருப்பவல்லவை என்பதை அது ஐயமற நாட்டிற்று. அல்சைமர் 1906இல் கண்ட கொழுப்புண்ட துணையணுக்களின் பக்கம் உலகின் பார்வை மீண்டும் திரும்பியது.

செவி நன்றாக இருந்தால் காவலணு என்ன செய்கிறது? அமிலாய்ட் படிவைச் சுற்றி வளைத்து, வேலி போல் நின்று, அதனை இறுக்கிச் சிறிதாக்குகிறது. அருகிலுள்ள நரம்பிழைகளுக்கு அதன் நஞ்சு பரவாமல் தடுக்கிறது. ட்ரெம்-2 இல்லாத எலிகளில் அவ்வேலி விழவில்லை. படிவுகள் விரிந்து பரவின. சுற்றியிருந்த நரம்பிழைகள் மிகுதியும் சிதைந்தன. மேற்சொன்ன மாற்றமுடைய மனிதரின் மூளைகளிலும் இத்தகைய காட்சியே 2016இல் பதிவாயிற்று. 2017இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்து ஆய்வாளர், மைக்ரோக்ளியா அமைதி நிலையிலிருந்து போர்க்கோலத்துக்கு இரு படிகளில் மாறுகிறது என்றும், இரண்டாம் படி ஏற ட்ரெம்-2 இன்றியமையாதது என்றும் காட்டினர்.

அப்படியானால் காவலரை மேலும் மேலும் தூண்டிவிட்டால் நோய் தீருமா? அங்கேதான் சிக்கல். குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மிஞ்சிய நரம்பு இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கிறது. பின்னர் வேண்டாதவற்றைக் களைந்தெறிகிறது. அக்களையெடுப்பிலும் மைக்ரோக்ளியாவுக்குப் பங்குண்டு. முதுமை நோயில் இதே களையெடுப்பு காலமல்லாக் காலத்தில் மூண்டு, நல்ல பயிரையும் பிடுங்கிவிடுகிறது என்று 2016இல் எலிகளில் நடந்த ஆய்வு உணர்த்தியது. நினைவு என்பது அவ்விணைப்புகளில்தானே குடியிருக்கிறது! காவலரே வீட்டை இடித்தால் எங்கே போவது?

இதற்கென்றே தூண்டும் செவியோடு தடுக்கும் செவியும் படைக்கப்பட்டுள்ளது. சிடி-33 என்னும் ஏற்பி காவலணுவுக்குக் கடிவாளம் போன்றது. அதன் மரபணுவில் உள்ள வேறுபாடுகளும் இந்நோயோடு தொடர்புடையவை என 2011இல் தெரியவந்தது. கடிவாளம் மிக இறுகினால் குதிரை நகராது. மிகத் தளர்ந்தால் தறிகெட்டோடும். மீஸான் என்னும் தராசைப் பற்றித் திருமறை பேசும்போது நாம் வானத்தையும் கோள்களையும் எண்ணுகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவின் மேனியிலும் ஒரு மீஸான் நிறுத்தப்பட்டிருக்கிறது. அது சாய்ந்தால் ஒரு மனிதரின் வாழ்நாள் நினைவே சரிந்துவிடுகிறது.

மருந்தில் இவ்வறிவு எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 2023இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற லெக்கனமாப் என்னும் மருந்து, அமிலாய்டில் சென்று ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளாகும். அது கொடிபோல் ஒட்டி நிற்க, காவலணுக்கள் அதைக் கண்டு படிவை விழுங்குகின்றன. நோயின் தொடக்க நிலையிலிருந்த 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த சோதனையில், சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. இழந்த நினைவு மீளவில்லை. இழப்பின் வேகம் சிறிது தணிந்தது, அவ்வளவே. மருந்து பெற்றவர்களில் எண்மரில் ஒருவருக்கு மூளையில் வீக்கம் காணப்பட்டது. ட்ரெம்-2ஐயே நேரடியாகத் தூண்டுமாறு செய்யப்பட்ட ஓர் எதிர்ப்பொருளும் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. அது நோயின் போக்கைத் தணிக்கவில்லை என்று 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. எந்தக் காலத்தில், எந்த அளவில் செவியைத் திறக்க வேண்டும் என்பது அறிஞர் முன்னுள்ள வினா. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. உண்டென்று விளம்பரம் செய்வாரிடம் பொருளைக் கொட்டாதிருப்பது நலம்.

பெருமானார் (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்து, முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்னும் கருத்தை அருளியிருக்கிறார்கள். "வயதாகிவிட்டது" என்று கைகட்டி இருப்போர் இதையே துணைக்கழைப்பர். ஆனால் நாம் மேலே கண்டவை எதைக் காட்டுகின்றன? நினைவழியும் நோய் வேறு, முதுமை வேறு. முதுமை எல்லோருக்கும் வருகிறது. இந்நோய் எல்லோருக்கும் வருவதில்லை. 51 வயதில் அகுஸ்தே டெட்டருக்கு வந்தது. தொண்ணூறு வயதில் தடுமாற்றமின்றி யாஸீன் ஓதுவோரும் நம் ஊர்களில் இருக்கின்றனர். ஆகவே இதற்கு மருந்து தேடுவது நமக்குப் பணிக்கப்பட்டதில் அடங்கும். ஓதிப்பார்ப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறோம். தைராய்டுக் குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகத் தோன்றக்கூடும். அவை பெரும்பாலும் சரிசெய்யத்தக்கவை. அதைத் தெரிந்துகொள்ளவாவது சோதனை வேண்டாமா?

நம் நாட்டில் அறுபது வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், இவ்வகை நோய்களோடு வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெண்களிடத்தும் கல்வி பெறாதோரிடத்தும் இது மிகுதி. 2024இல் லான்செட் மருத்துவ ஏட்டின் ஆணையம், தவிர்க்கத்தக்க 14 காரணங்களைத் தொகுத்தளித்தது. அவற்றைச் சீர்செய்தால் உலகில் இந்நோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கெட்ட கொழுப்பு, புகைப்பழக்கம், உடலுழைப்பின்மை, தனிமை, கல்விக் குறைவு, கேள்விக்குறைவு, பார்வைக்குறைவு ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. பெண்பிள்ளையைப் படிக்கவைப்பதும், காது கேளாத வாப்பாவுக்குக் கருவி வாங்கித் தருவதும், தனித்திருக்கும் உம்மாவிடம் நாள்தோறும் அமர்ந்து பேசுவதும் மூளைக்குச் செய்யும் காவல் என்பதை எத்தனை வீடுகள் அறியும்?

மார்க்கம் இந்நோயாளியை எவ்வாறு நோக்குகிறது என்பதையும் எண்ணிப்பார்ப்போம். உறங்குபவர், பருவமெய்தாத சிறார், அறிவு பிறழ்ந்தவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது நபிமொழிவழி நாம் அறிந்தது. வானவரின் ஏட்டிலேயே எழுதப்படாத ஒரு சொல்லை நாம் மட்டும் நெஞ்சில் எழுதிவைத்துப் பகை வளர்ப்பது என்ன நியாயம்? அஸரை நான்குமுறை தொழுதால் தொழட்டும். கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை. தொழவே மறந்தால் அதட்டவும் வேண்டியதில்லை. விடுபட்டவை பற்றி ஆலிம்களிடம் கேட்டறியலாம். அவர் நிலையறியாத வேளையில் சொத்தில் கையொப்பம் வாங்குவது மட்டும் எந்தச் சட்டத்திலும் அடங்காது. அது அமானிதத்துக்குச் செய்யும் துரோகம்.

பெற்றோர் முதுமையடைந்தால் சலிப்புச் சொல் ஒன்றும் உரைக்கலாகாது என்னும் கட்டளை, பெற்றோர் இனிமையாகப் பேசும் வீட்டுக்கு மட்டும் இறங்கியதன்று. நம்மையே "நீ யார்?" என்று கேட்கும் தந்தைக்கும், நம்மையே கள்வர் என்று கூறும் தாய்க்கும் அது பொருந்தும். அறிவியல் அக்கட்டளையைப் புதிதாகத் தரவில்லை. கடைப்பிடிப்பதற்கு ஒரு கைத்தடியைத் தந்திருக்கிறது. சினம் மூளும்போது, இவர் மூளையில் ஒரு காவலர் செவி மந்தமாகிவிட்டது, அல்லது அடங்காமல் வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளலாம். எண்ணியபின் எழும் சொல் சற்று மெதுவாகவே எழும்.

அவர்களுக்குள் காவல் தளர்ந்துபோன இடத்தில், வெளியே காவலாக நிற்க வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாம். அவர்களின் நினைவு நம்மிடம் அமானிதமாக வந்து சேர்ந்திருக்கிறது: அவர்கள் ஓதிக்கொடுத்த அலிஃப், அவர்கள் கைமணம், அவர்கள் ஊட்டிய பண்பு. அதைச் சேதமின்றிக் காப்போமாக!

நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைப் பேணுவோருக்குப் பொறுமையையும், மருந்து தேடும் அறிஞர்களுக்கு நல்வழியையும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.